காலியாக விட்ட நடு அறை

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் கிடக்கிறது. பாய்மரப் படகு ஒன்றை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி வரைந்த படம். முன்பக்கம் ஓர் அறை, நடுவில் ஓர் அறை, பின்பக்கம் ஓர் அறை. முன்னறையிலும் பின்னறையிலும் பென்சிலால் பெயர் எழுதினேன். நடு அறையில் எழுத எனக்குப் பெயர் தரப்படவில்லை. அந்தக் காலி இடம்தான் என்னைக் குடைந்தது.

படகைக் கேட்டு வந்தவர் ஸ்ரீவைகுண்டத்து வாழைக்காய் மண்டி அண்ணாச்சி. வண்ணாரப்பேட்டையில் நான் வேலை பார்க்கும் பயண அலுவலகத்துக்குக் காசிக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்கள் வருவார்கள். தோளில் துண்டோடு வந்து உட்கார்ந்த இவர், மாலத்தீவுப் பக்கம் தீவுதீவாகப் பாய்மரப் படகில் ஐந்து நாள் சுற்ற வேண்டும் என்றார். பெரிய கப்பல் வேண்டாம், சின்னப் படகு. அதற்குமேல் ஒன்று சொன்னார்: "நடுவுல எந்தத் தீவுலயும் எறக்கி விடப்படாது."

"தீவுல எறங்காம எதுக்கு அண்ணாச்சி தீவுக்குப் போகணும்?"

"நீ போடும்மா."

நான்கு பேர். அவரும் அவர் மனைவியும், தச்சநல்லூரில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஒருவரும் அவர் மனைவியும். ஆனால் அண்ணாச்சியும் மனைவியும் வருவது தச்சநல்லூர்க்காரருக்குத் தெரியவே கூடாது. விமானம் வேறு வேறு. கடிதமெல்லாம் பெங்களூரில் இருக்கும் தச்சநல்லூர்க்காரரின் மகளுக்குத்தான் போக வேண்டும், அவள் அனுப்பி வைக்கும் பயணம் போல. நடு அறை வாடகைக்கு எடுத்து, ஆளில்லாமல் கிடக்க வேண்டும். பக்கத்து மேசை அக்கா அவர் படியிறங்கும்வரை காத்திருந்து, "மண்டிக்காரவ அறைய சும்மா போடுவாவளாட்டி? கூட யாரோ வாறாவ, பாத்துக்கோ" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சந்தேகம் எனக்குப் புதிதல்ல. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதற்கு முன்பு வீட்டுக்கு ஒரு காகிதம் வந்தால் யாரிடமாவது கொண்டுபோய்க் கொடுப்போம். அவர்கள் வாசிப்பதுதான் அதில் இருப்பதாக நம்புவோம். வாசித்தது ஒன்று, இருந்தது ஒன்று என்று இரண்டு முறை பின்னால் தெரிந்தது. நான் எழுத்துக்கூட்டத் தொடங்கிய நாளிலிருந்து எந்தத் தாளையும் அடி வரி வரை வாசிக்காமல் விட்டதில்லை. என்னிடம் யாராவது கேட்டால் அதில் இருப்பதை மட்டும்தான் சொல்வேன் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

அடுத்த முறை அண்ணாச்சி வந்தபோது, பெயர் இல்லாமல் அறை போட முடியாது என்று சொன்னேன். அப்படி ஒரு விதி கிடையாது. என் சந்தேகம் உண்டாக்கிய விதி அது.

அவர் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். தச்சநல்லூர்க்காரர் அவருடைய கூடப்பிறந்த தம்பி. எங்கள் பக்கத்தில் தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது வழக்கம். அம்மா இறந்தபோது தம்பி மும்பையில் இருந்தார். வந்துகொண்டே இருந்தார். ஊர்ப் பெரியவர்கள் பொழுது சாய்கிறது என்று அவசரப்படுத்த, அண்ணன் தானே கொள்ளி வைத்துவிட்டார். தம்பி ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தபோது பாதி எரிந்திருந்தது.

"பதினோரு வருசம் ஆச்சு. கல்யாண வீட்டுல நான் நுழைஞ்சா அவன் எந்திச்சுப் போயிருதான். கோயில்லயும் அப்படித்தான். கடல்ல எந்திச்சு எங்கன போவான்?"

"நடு அறை?"

"என் இருமல் அவன் காதுல விழாண்டாம். அதுக்குத்தான்."

நான் தலையைக் குனிந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

நாள் குறித்தது நான்தான். எங்கள் ஊரில் மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும். ஆனியில் காய்ந்த காற்றுதான் அடிக்கும், ஊரே குற்றாலத்துக்குக் கிளம்பும். அதனால் யாரையும் கேட்காமல் ஆனி என்று எழுதினேன். படகுக்காரர்கள் பதில் போட்டார்கள்: அந்த மாதம் அங்கே கடல் கொந்தளிக்கும், சின்னப் படகை எடுக்க மாட்டோம், தை மாதம் வாருங்கள். தூத்துக்குடித் தோணிகூட அப்போது அந்தப் பக்கம் போகாது என்பது எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. தண்ணீரில் போகும் பயணத்துக்கு எங்கள் வாய்க்கால் கரையில் நின்று நாள் பார்த்திருக்கிறேன்.

நாள் தைக்குத் தள்ளிப்போனதைச் சொன்னதும், "யார்ட்டயாவது வாயத் தொறந்தியா? அவந்தான் தள்ளிப் போடச் சொன்னானா?" என்றார் அண்ணாச்சி. படகுக்காரர்கள் மேல் பழியைப் போட்டிருக்கலாம். தப்பு என்னுடையது என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மாதம் மாறியதும் தம்பிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மகள் காட்டிய கடிதத்தில் இருந்த எண்ணைப் பார்த்து நேராக என்னை அழைத்தார்.

"தச்சநல்லூர்லேருந்து பேசுதேன். அந்தப் படகுல எங்களத் தவிர வேற யாரு வாறா?"

"எதுக்கு சார் கேக்கிய?"

"மூணு அறைன்னு போட்டிருக்குல்லா. ஒங்கிட்ட தாளு இருக்கும். வாசி, கேப்போம்."

வாசி என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். கொடுத்த வாக்கு ஒரு பக்கம், கையில் தாள் ஒரு பக்கம். இல்லாததை வாசித்துக் காட்டியவர்களின் முகங்கள் எனக்கு மறக்கவில்லை. இருந்ததை வாசித்தேன். முன்னறையில் அண்ணாச்சி பெயர், பின்னறையில் அவர் பெயர், நடு அறை காலி.

அந்தப் பக்கம் கடையில் யாரோ ஆணிக்கு விலை கேட்பது மட்டும் கேட்டது. பதினோரு வருடத்தை நான் ஒரு நிமிடத்தில் பாழாக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

"அந்த ஆளு ஏம் மகளயும் சேத்துக்கிட்டாராக்கும்," என்றார் கடைசியில். பிறகு, "முன்பக்கம் ஆட்டம் சாஸ்தியா இருக்குமோ?"

"ஆமா சார். நடுவுலதான் கம்மியாம்."

"அண்ணனுக்கு பஸ்ஸுல போனாலே வாந்தி வரும். அவுகள நடுவுல போடு. நான் சொன்னேன்னு சொல்லாண்டாம்."

முன்னறைப் பெயரை அழித்து நடுவில் எழுதினேன். கை அழுத்தத்தில் தாள் லேசாகத் தேய்ந்துபோனது.

டிக்கெட் வாங்க வந்த அண்ணாச்சி அந்தத் தாளைத்தான் முதலில் இழுத்துப் பார்த்தார். "இது யாரு மாத்துனா?"

"நடுவுல ஆட்டம் கம்மி அண்ணாச்சி. ஒங்களுக்கு ஒத்துக்கிடாதுன்னு..."

"எனக்கு ஒத்துக்கிடாதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

நான் டிக்கெட்டுகளை அடுக்கி அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் விரல் நடு அறைக்கும் பின்னறைக்கும் இடையில் இருந்த ஒற்றைக் கோட்டின் மேல் நின்றது. துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தார். துடைத்து முடிக்க நேரமானது.

கடலில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது தீவுக்கு யார் கேட்டு வந்தாலும் அங்கே காற்று எப்படி என்று விசாரித்த பிறகுதான் நாள் எழுதுகிறேன். கண்ணாடிக்கு அடியில் தேய்ந்த இடம் தெரியும்படி அந்தத் தாள் இருக்கிறது. அன்று டிக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, தாளை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார் அண்ணாச்சி.

"நீயே வச்சுக்கோ. அவன் கேட்டாம்னா, நான் இதப் பாக்கவே இல்லன்னு சொல்லிரு."