மாலை போட்ட நாலாவது கியர்

“பொட்டப் புள்ளைக்குக் கியரப் பத்தி என்னா கண்ணு தெரியும்?” என்று என் தாய்மாமா எல்லோர் முன்பும் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

மாமாவுக்குக் கிருஷ்ணகிரியில் மாந்தோப்பு. அவர் மகன், சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தான். மூன்று கியர் வண்டி. பெங்களூர்ப் பட்டறையில் கொடுத்து, அந்த மூன்றுக்கும் மேலே நாலாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டு வந்தான். இரண்டு பேருக்கு மேல் உட்கார இடமில்லாத வண்டியில் இன்னொரு கியருக்கு மட்டும் இடம் இருந்தது.

நான் சொன்னது இவ்வளவுதான். கியர் கூடினால் இன்ஜினுக்குப் பலம் கூடாது. இருக்கிற பலத்தைப் பங்கிடும் விதம்தான் மாறும். காலியான சமதரைச் சாலையில் மேல் கியர் நல்லது, இன்ஜின் அலட்டிக்கொள்ளாமல் ஓடும். ஏற்றமும் மாட்டுவண்டியுமான நம் சாலைக்கு, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒன்று வைத்திருந்தால் உதவியிருக்கும். ஆனால் நடுவில் வைத்ததைக் காட்டிப் பெருமையடிக்க முடியாதே!

அன்று பெங்களூரில் எனக்குக் கல்லூரிப் பேட்டி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். மதியத்துக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் இல்லை, கல்யாணம்தான். மாப்பிள்ளை, அந்தக் காரின் சொந்தக்காரன்.

பஸ்ஸில் போகிறேன் என்றேன். “பறக்கிற வண்டி இருக்கும்போது பஸ்ஸா?” என்று மாமா தடுத்துவிட்டார்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் எல்லோரும்தான் வைப்பார்கள். மாமா கியர்க் கம்பிக்கே பொட்டிட்டு, மல்லிகைச் சரம் சுற்றினார். “பூச போட்ட கியரு. ஒருக்கா நாலாவதுல போட்டா ஊர் சேர்ற வரைக்கும் எறக்கக் கூடாது. அபசகுனம்” என்று மகனிடம் சொன்னார்.

அப்பா முன் இருக்கையில். நான் பின்னால், பெட்டி வைக்கும் பொந்தில். ஊரைத் தாண்டியதும் வண்டி வழுக்கிக்கொண்டு போனது உண்மைதான்.

“எப்படி புள்ள?” என்று ஓட்டிக்கொண்டே கேட்டான் மாமா மகன்.

“ஏத்தம் வரட்டும்.”

மேலுமலை ஏற்றத்தில் வண்டி முனகியது, பிறகு உதறியது.

“மூணுக்கு எறக்குங்க.”

“எங்கப்பா எறக்கக் கூடாதுன்னாரு.”

“உங்கப்பாவா மலை ஏறுறாரு?”

வண்டி விக்கி நின்றது. மறுபடி கிளப்பினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக ஏறி, பக்தியோடு நாலாவதுக்குப் போனான். மறுபடி நின்றது. முன்மூடியிலிருந்து ஆவி கிளம்பியது.

“மாப்ள, அந்தச் சாமி கியர விட்டுட்டு மத்ததுல ஓட்டேன்” என்றார் அப்பா.

“அபசகுனம் மாமா. எறங்கிக் கொஞ்சம் தள்ளுங்க.”

வெளுத்த வேட்டியோடு அப்பா தள்ளினார். வண்டி அசையவில்லை. அப்போது கீழ் வளைவில் பெங்களூர் பஸ் தெரிந்தது. கிழட்டு பஸ். இருப்பதிலேயே தாழ்ந்த கியரில், உறுமிக்கொண்டு, நிற்காமல் ஏறி வந்தது. சாலை நடுவில் நின்று கை காட்டினேன்.

“எங்க போற? வண்டி ஆறட்டும், பறந்துடலாம்.”

“நீங்க பறந்து வாங்க. நாங்க போய்ச் சேர்றோம்.”

அப்பா ஒரு கணம் காரைப் பார்த்தார். பிறகு கையை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் பஸ்ஸில் ஏறினார்.

எல்லையிலிருக்கும் ஜூஜுவாடியைத் தாண்டும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பறந்து எதுவும் வரவில்லை.

இடம் கிடைத்தது, பௌதிகமே எடுத்தேன். மாமாவுக்கு இன்னும் தெரியாது, கார் ஓட்டப் பழகுவதற்கான லைசென்ஸையும் போன வாரம் வாங்கிவிட்டேன்.