காகிதத்துக்கு வைத்த காற்று

எங்கள் அச்சகத்தில் காகிதக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் காகித அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மெஷின்காரர்கள் சிலர் அவரைவிட மூத்தவர்கள், அவர்களுக்கும் அக்காதான். இரண்டு மொழிகளில் மெய்ப்புப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தவன் நான். கிடங்குக் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றதற்காக முதல் நாளே அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"கதவை மூடுங்க சார். உள்ள இருக்கறவங்களுக்கு ஒத்துக்காது."

உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆள் யாரும் இல்லை. காகிதம்தான் இருந்தது.

சுவரில் காற்றின் ஈரத்தைக் காட்டும் கருவி ஒன்று மாட்டியிருந்தது. அதன் முள் ஐம்பதை ஒட்டியே நிற்க வேண்டும். ஏறினால் காகிதக் கட்டின் ஓரங்கள் ஈரத்தைக் குடித்து அலை அலையாக நெளியும். இறங்கினால் ஓரம் சுருங்கி இழுத்துக்கொள்ளும். இரண்டுமே மெஷினில் சிக்கும். ஆனால் அக்கா முள்ளைப் பார்ப்பது அபூர்வம். பத்துத் தாளை எடுத்து, காதோரம் வைத்து ஒரு உதறு உதறுவார்.

"இது வழியில நனைஞ்சிருக்கு. திருப்பி எடுத்துட்டுப் போங்க," என்பார். லாரிக்காரர் திருடியவர்போல விழிப்பார். அந்தக் காதைக் கண்டு எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

அப்படிப்பட்டவர் அந்த மாதக் கடைசியோடு வேலையை விடுவதாக இருந்தார். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. ஐந்து குளிர்காலமாக, வருடத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிப் படுக்கை. பஸ் ஓட்டும் அவர் கணவர், காகிதத் தூசிதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட்டார். "வேலையா, உயிரா? நீயே சொல்லு," என்று கேட்டால் யாரால்தான் என்ன சொல்ல முடியும்?

எனக்கு எதற்கெடுத்தாலும் பதற்றம். "அக்கா, இங்க மூச்சு வாங்குனா யாரைக் கூப்பிடணும்?" என்று கேட்டு வைத்தேன்.

"இங்கயா? இங்க வாங்கவே வாங்காது சார். வீட்டுக்குப் போனாத்தான்." சிரித்தார். "எங்க வீட்டுக்காரர் காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான். அவர் மூஞ்சியைப் பார்த்துதான் இழுக்குதுன்னு நினைச்சுக்குவார்."

பாவம், அந்த மனிதர் செய்யாத பணிவிடை இல்லை. வறண்ட காற்று ஆகாது என்று எப்போதோ ஒரு டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சாயங்காலம் ஆனால் அடுப்பில் பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீரைக் கொதிக்கவிடுவார். ஈரத் துணிகளை வீட்டுக்குள்ளேயே நாற்காலி முதுகுகளில் உலர்த்துவார். குளிர் வரக் கூடாதென்று ஜன்னல்களை இறுக்கிச் சாத்துவார். கண்ணாடியில் நீர் வழிந்தால்தான் அவருக்கு நிம்மதி.

ஒருநாள் மகள் படம் வரையக் கேட்டாள் என்று, வெட்டி மிஞ்சிய காகிதத்தில் ஒரு கட்டு கொண்டுபோனார் அக்கா. படுக்கையறை அலமாரி மேல் வைத்தார். மறுநாள் காலை அதை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான்கு ஓரமும் நெளிந்து கிடந்தது.

"வெளியிலிருந்து வந்திருந்தா லாரியையே திருப்பி அனுப்பியிருப்பேன் சார்," என்றார் என்னிடம். குரல் இறங்கியிருந்தது. "இது என் பெட்ரூம். நான் எங்க திருப்பி அனுப்புவேன்?"

அன்று வீட்டில் அறைக்குப் பத்துத் தாள் வைத்துவிட்டு வந்திருந்தார். சாயங்காலம் போய் ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார். அலமாரிக்குப் பின்னால் செருகி வைத்தது துணிபோலத் துவண்டது. அலமாரியை நகர்த்தினார்கள். சுவர் முழுக்கக் கருப்பாய்ப் பூஞ்சை. மறுநாள் முதலாளியிடம் கேட்டு, உபரியாக இருந்த கருவியை எடுத்துப்போய் வைத்தார். முள் எழுபத்தெட்டில் நின்றது.

அந்த எண்ணோடு டாக்டரிடம் போனார். ரொம்ப வறண்டாலும் மூச்சுக்குழாய் இறுகும், ஆனால் இத்தனை ஈரத்தில் பூஞ்சையும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சியும் பெருகி நெஞ்சை இழுக்கும் என்றாராம் அவர். இன்ஹேலரை நிறுத்தவே கூடாது என்றும் சொன்னார். பிறகு கேட்டார்:

"காகிதத்துக்கு எவ்வளவு வைக்கிறீங்க?"

"ஐம்பது."

"உங்களுக்கும் அதுக்கு மேல போக விடாதீங்கம்மா."

இதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கிடங்கில் பதினான்கு வருடமாக இந்தப் பெண் தன் நுரையீரலுக்கு வேண்டிய காற்றைத்தான் காகிதத்துக்குக் காவல் காத்திருக்கிறார்.

கணவருக்கு முகம் செத்துப்போனது. "அப்போ அஞ்சு வருஷமா நான்தான் உன்னை..."

"விடுங்க. நீங்க பஸ் ஓட்டறவர். காகிதம் பார்க்கறவ எனக்கே தெரியலையே!"

அக்காவையும் மகளையும் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மனிதர் இரண்டு நாள் லீவு போட்டுச் சுவரைத் தேய்த்தார். துணி மொட்டை மாடிக்குப் போனது. ஜன்னல் திறந்தது. கொதிக்கும் பாத்திரம் ஓய்வெடுத்தது.

அதற்கப்புறம் மூன்றாவது வாரம், ஞாயிறு மதியம். தலையணை அடுக்கிச் சாய்ந்தே தூங்கிப் பழகிய அக்கா, அன்று ஒற்றைத் தலையணையில் படுத்திருந்தார். கணவர் பதறி ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஏய், எழுந்திரு! என்ன ஆச்சு? சத்தமே காணோம்!"

அக்கா கண்ணைத் திறந்தார். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். விசில் இல்லை. இழுப்பு இல்லை. காற்று போவதும் வருவதும் அவருக்கே கேட்கவில்லை. இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு அதையே கவனித்தார்களாம்.

"உயிரோடதான் இருக்கேன், போங்க," என்றார் அக்கா, புரண்டு படுத்துக்கொண்டே. "நாளைக்குக் காலையில ரெண்டு லாரி வருது. நான் இல்லாம யாரும் அதை இறக்கக் கூடாது."