பதினோராம் கட்டிலுக்குத் தமிழர் சாப்பாடு

என் மைத்துனருக்குக் கன்னத்தின் உட்புறம் புற்றுநோய். ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். ஆட்களை விரட்டும் குரலும், புகையிலை அடக்கிய கன்னமும்தான் அவருக்கு அடையாளம். நோய் இரண்டையும் ஒரே சமயத்தில் கேட்டது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்து எக்ஸ்ரே கதிர் பாய்ச்சினார்கள். நம்மவர்கள் அதைக் ‘கரண்டு வைக்கிறது’ என்பார்கள்.

அதே தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். எக்ஸ்ரேயைப் பற்றி இங்கிலீஷ் பத்திரிகைகளில் வந்ததையெல்லாம் படித்தவன். ரயிலில் அவருக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். கதிர் சதையை எப்படி ஊடுருவும் என்பது எனக்குத் தெரியும். கதிர் பட்ட வாயால் மனிதன் எதைத் தின்பான் என்பது மட்டும் தெரியாது. அதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பத்து நாளில் கன்னம் சுட்ட கத்தரிக்காயாகக் கறுத்தது. வாயெல்லாம் புண். எச்சில் விழுங்கினாலே கண்ணில் நீர். மிசி என்று நாங்கள் கூப்பிட்ட நர்ஸ் அம்மாள் நல்லவர். கன்னத்தில் சோப்பும் எண்ணெயும் படக்கூடாது, உப்புநீரால் அடிக்கடி வாய் கொப்பளிக்க வேண்டும் என்று சொல்லி, கூட நின்று செய்யவும் வைத்தார். ஆனால் சாப்பாடு அவர் கையில் இல்லை, மைத்துனர் படுத்திருந்த பதினோராம் கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் இருந்தது. அதில் ‘தமிழர் சாப்பாடு’ என்று எழுதியிருந்தது. அப்படியென்றால் சோறு, மிளகாய்க் குழம்பு, கருவாடு. கால் முறிவா, வயிற்றுக் கட்டியா, வாய்ப் புண்ணா என்ற விசாரணையெல்லாம் கிடையாது.

சாப்பாட்டு வண்டி தள்ளி வந்தவரிடம் கஞ்சி கேட்டேன்.

“கஞ்சி சீனவங்க அட்டைக்குங்க. இவரு தமிழாளுதானே?”

“பாலு, முட்டை?”

“அது வெள்ளைக்காரங்களுக்கு. அட அலமாக், என்னைய ஏங்க மொறைக்கிறீங்க? அட்டையில உள்ளதத்தானே நான் போட முடியும்!”

சோற்றை வெந்நீரில் அலசிப் பிசைந்து ஊட்டினேன். மூன்றாவது வாயில் என் கையைத் தள்ளினார்.

“மாப்பிள்ளை, கரண்டக்கூடத் தாங்கிடுவேன்... இந்தக் கொழம்பத்தான்... முடியல.”

இன்னும் இளைத்தால் கதிரை நிறுத்திவிட வேண்டியதுதான் என்று வெள்ளைக்கார டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். நிறுத்தினால் என்ன ஆகும் என்பது மைத்துனருக்கும் தெரியும். இளைக்க வைத்ததே இவர்கள் போட்ட தட்டுதான், இளைத்த குற்றம் மட்டும் அவருடையது!

உட்கார்ந்து ஆறு பக்கத்துக்கு இங்கிலீஷில் மனு எழுதினேன். ரோமாபுரிச் சட்டத்தைக்கூட இரண்டு இடத்தில் இழுத்திருந்தேன். டாக்டர் முதல் பக்கத்தில் பாதி படித்துவிட்டு, இவருக்கு என்னதான் வேண்டும் என்றார். பாலும் முட்டையும் என்றேன். அட்டையை எடுத்து, தமிழர் என்பதை அடித்து, ஐரோப்பியர் என்று எழுதினார். ஆறு பக்கத்தையும் மடித்து என்னிடமே கொடுத்தார்.

மறுநாள் பாலும், பாலில் வேகவைத்த முட்டையும் வந்தன. அரைமணி நேரம் எடுத்துக்கொண்டு, கரண்டி கரண்டியாக எல்லாவற்றையும் இறக்கினார். அந்த வாரக் கடைசியில் கதிர் அறைக்கு யார் தோளையும் பிடிக்காமல் நடந்து போனார்.

எனக்கு ஆத்திரம் முழுசாக வந்தது அப்போதுதான். ஒரு கோடு போட அரை நிமிஷம் ஆகியிருக்காது. அந்த அரை நிமிஷத்துக்குத்தான் ஒரு மனிதன் இத்தனை நாள் பட்டினி கிடந்தான்.

பக்கத்துக் கட்டிலில் சாஆ என்ற ஊரிலிருந்து வந்த தோட்டத்து ஆள் ஒருவர். நாக்கில் அதே நோய், அதே கதிர், அதே குழம்பு. அவர் தட்டு தினமும் போட்டது போட்டபடியே திரும்பிப் போனது. டாக்டரிடம் சொன்னேன். கெட்ட எண்ணத்தோடு அல்ல, உண்மையாகவே ஆச்சரியப்பட்டு, அந்த ஆள் ஒன்றும் கேட்கவில்லையே என்றார் அவர்.

நாக்கு வீங்கி வாய் திறக்க முடியாதவர் எதைக்கொண்டு கேட்பார்?

இந்தத் தடவை ரோமாபுரிப் பக்கம் நான் போகவில்லை. ‘எனக்குப் பால் வேண்டும்’ என்று இங்கிலீஷில் ஒரே வரி எழுதி, அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். தலையாட்டினார். மை தடவிய அவர் பெருவிரலைத் தாளில் வைக்கச் சொன்னேன். வைத்தார். போதும் என்று தாளை இழுத்தேன். விடாமல் பிடித்துக்கொண்டு, பக்கத்திலேயே இன்னொரு முறையும் அழுத்தினார்.