சித்திகா பார்த்த கடைசிப் பை

கழுவுவதற்கு முன் சித்திகா ஆட்டின் இரைப்பையைக் கீறிக் கல்லின் மேல் விரித்து ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பாள். கல்யாணமாகி உக்கடம் வந்ததிலிருந்தே இதுதான் பழக்கம். "என்ன அம்மணி, இன்னைக்குப் பேப்பர்ல என்ன நியூஸு?" என்று கறிக்கடையிலிருந்து கணவர் கலீல் ரஹ்மான் கேலி செய்வார். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் பையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள்.

சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் முறுக்கியது போன்ற புழுக்கள், ஐப்பசி மழைக்குப் பிறகு, இரைப்பையின் நாலு பைகளில் கடைசிப் பையில் நெளியும். தை பிறந்தால் காணாமல் போகும். பத்து வருஷமாக அவள் கண்டது அது. ஆனால் ஒரு மாசியில், கருமத்தம்பட்டியில் ஆடு வளர்க்கும் மயில்சாமி விற்ற ஆட்டின் பையில் அவை கொத்துக் கொத்தாகக் கிடந்தன.

மறுநாளே மயில்சாமி மறுபடி வந்தார்.

"பாய், மிச்ச நாப்பதையும் புடிச்சுக்குங்க. தாடை வீங்கி ஒவ்வொண்ணாச் சாகுது. தீவனம் பத்தலீங்க."

சித்திகா அந்நிய ஆணிடம் பேசியதில்லை. அன்று கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"ஏனுங்க, தையில உங்கூர்ல மழைங்களா?"

"ஆமாங்க, பேயாத மாசத்துல நாலு நாள் ஊத்துச்சு."

"மருந்து எப்பக் குடுத்தீங்க?"

"வழக்கம்போல ஐப்பசியிலதானுங்க."

"அப்பத் தீவனமில்லைங்க, புழு. மழைக்கு மொளச்ச புல்லோட ஏறிப்போட்டுது. ஆட்டை விக்காதீங்க. இதைக் கொண்டுபோய் மாட்டு டாக்டர்கிட்டக் காட்டுங்க."

முந்தின நாள் பையிலிருந்து எடுத்த புழுக்களைத் தண்ணீரோடு அடைத்து வைத்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை நீட்டினாள். கலீலின் கத்தி பாதியில் நின்றது.

மயில்சாமி சிரித்துவிட்டார். "ஆட்டை விக்காதீங்கன்னு கறிக்கடையில சொல்றது உங்க ஊட்டுலதானுங்க பாய்!"

"என்னத்தச் சொல்ல! என் பொழப்பையே கெடுத்துப்போட்டா" என்றார் கலீல். ஆனால் அன்று மாலை வரை, கறி வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பாட்டிலைப் பார்த்த டாக்டர் அன்றே மருந்து கொடுத்தார். இரண்டு ஆடுகள் செத்தன. முப்பத்தெட்டு பிழைத்தன.

அதன் பிறகும் மாதம் தப்பி மழை பெய்வது நிற்கவில்லை. இப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் வருஷம். மயில்சாமியின் ஊரில் மாதம் பார்த்து மருந்து கொடுப்பதில்லை, மழையைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். காலம் தப்பி ஒரு மழை பெய்தால், பையில் என்ன தெரிகிறது என்று டாக்டர் சித்திகாவிடம் கேட்டனுப்புகிறார். அவள் பதில் சொல்லி அனுப்புகிறாள்.