பிரிக்ஃபீல்ட்ஸும் கிள்ளானும் ஒரே போர்டில்

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் கப்பல் சரக்கு அலுவலகத்துக்கு நான் முதலில் தேநீர் கலக்கப் போனவள். வரும் அழைப்புகளை அவரவர் மேசைக்கு இணைத்துவிடும் போன் போர்டில் இருந்த பெண் பிரசவத்துக்குப் போனபோது, ஆளில்லாமல் என்னை உட்கார வைத்தார்கள். அவள் திரும்பி வரவில்லை. எனக்கு எழுத்து தட்டுத் தடுமாறித்தான் வரும். எண்கள் அப்படியல்ல, ஒரு தரம் கேட்டால் போதும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கிள்ளான் பக்கம் பண்டமாரானில் இருந்த எங்கள் கிடங்கு அலுவலகத்து போன்களையும் எங்கள் போன்களையும் ஒன்றாக இணைக்கப் போவதாகச் சொன்னார்கள். அதுவரை கிள்ளானோடு பேச நான் வெளி லைனில் அழைத்து, அங்கே போர்டில் இருக்கும் பெண்ணிடம் இன்ன எண் கொடு என்று கேட்க வேண்டும். இனி இரண்டு இடத்துக்கும் நடுவே வாடகைக்கு எடுத்த தனி லைன். மேசையிலிருந்தே மூன்று எண் அழுத்திப் பேசலாம். வெளியிலிருந்து வரும் அழைப்புகளுக்கு ஒரே போர்டு, ஒரே ஆள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. கிள்ளான் பொண்ணு ஃபார்ம் ஃபைவ் வரைக்கும் படிச்சு முடிச்சது. அது இங்க வரட்டும். நீங்க பழையபடி பேன்ட்ரியில டீ வேலையப் பாத்துக்குங்க லா."

"சரி பாஸ்" என்றேன். போர்டுக்குத் திரும்பி அடுத்த அழைப்பை எடுத்தேன்.

இணைக்க வந்தவர் அம்பாங்கைச் சேர்ந்த நடுவயதுக்காரர், நம்மவர். கோப்பில் இருந்த பட்டியலைப் பார்த்து எங்கள் மேசை எண்களுக்கு முன்னால் ‘2’ என்றும், கிள்ளான் எண்களுக்கு முன்னால் ‘3’ என்றும் சேர்த்தார். புதுப் பட்டியல் மேசைக்கு மேசை போனது. திங்கட்கிழமை காலை லைன் உயிர் பெற்றதும், கிள்ளான் கிடங்குக்காரரை நானே அழைத்தேன். உள் அழைப்புக்கு ஒற்றை மணி, வெளி அழைப்புக்கு இரட்டை மணி. ஒற்றை மணி கேட்டு எடுத்தவர், என் குரல் கேட்டதும், "அக்கா, எப்ப கிள்ளான் வந்தீங்க?" என்றார்.

"பிரிக்ஃபீல்ட்ஸ்லதான் இருக்கேன்."

"வெளையாடாதீங்க, மணி உள்ள அடிக்குது" என்று போனை வைத்துவிட்டு என்னைத் தேடப் போய்விட்டார்.

பத்து மணிக்குள் ஒரே குழப்பம். சுங்கப் பத்திரம் பார்ப்பவரைக் கூப்பிட்டால் லோரி ஓட்டுநர்கள் சாப்பிடும் அறையில் மணி அடித்தது. பட்டியல் பழசு. எங்கள் ஆட்கள் இடம் மாறினால் கோப்பைத் திருத்த மாட்டார்கள். "அக்கா, நான் இனிமே ஜன்னலோரம்" என்று போர்டுக்கு ஒரு குரல், அவ்வளவுதான். கிள்ளானிலும் இதே வழக்கம். அந்தப் பெண்ணுக்குத் தன் பக்கம் தெரியும். தினமும் அங்கே எண் கேட்டுக் கேட்டு எனக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

"சரியான லிஸ்ட் யாருகிட்ட இருக்கு?" என்றார் அம்பாங்காரர்.

"எங்கிட்ட."

"குடுங்க."

"சொல்றேன், எழுதிக்குங்க."

நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ஒவ்வொன்றாக அழுத்தியும் பார்த்தார். பாதியில் மேனேஜர் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒன்றே ஒன்று தவறியது. அந்த எண்ணுக்குரியவர் வெள்ளிக்கிழமை மேசை மாறி என்னிடம் சொல்லவில்லை. இன்றைக்கும் அதை என் தவறென்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

முடிந்ததும் மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல், "பேன்ட்ரிக்கு வேற ஆள் பாக்கணும்" என்றார். கிள்ளான் பெண் சுங்கப் பத்திரப் பிரிவுக்கு விரும்பியே போனாள். ஓய்வு பெறும்வரை இரண்டு ஊருக்கும் போன் எடுத்தவள் நான்தான்.