நாயகம் மாமா பார்த்துவந்த காலேஜ்

எங்கள் ஊர் சொசைட்டியில் பால் ஊற்றுகிற யாரிடமாவது போய், கோமதிநாயகம் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டால் முதலில் ஒரு கெட்ட வார்த்தை வரும். அதற்குப் பிறகுதான் "ஆனா நேர்மையான மனுசன்" என்று வரும். இந்த வரிசை மாறி நான் கேட்டதே இல்லை.

அவர் என் அம்மாவின் அண்ணன். பாலைச் சோதித்து அளந்து ஊற்றிக்கொள்வது அவர் வேலை. தண்ணீர் கலந்ததைக் காட்டிக்கொடுக்கிற லாக்டோமீட்டரைப் பாலுக்குள் விடுவதற்கு முன்பே அவர் முகத்தில் தீர்ப்பு வந்துவிடும். ஒருநாள் என் அம்மா, கல்யாண வீட்டுக்குப் போகிற அவசரத்தில், கேனில் ஒரு செம்புத் தண்ணீரைச் சாய்த்துவிட்டாள். கூடப்பிறந்தவள் என்றும் பார்க்காமல், "இத நீயே காப்பி போட்டுக் குடி தாயி" என்று அத்தனை பேர் முன்னால் திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அந்த ஒரு மாதமும் விடிந்தால் எங்கள் வாசலில் அவர் தோட்டத்துக் கத்தரிக்காய் கிடக்கும். வைத்தது யார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை, குழம்பு மட்டும் வைத்தோம்.

செண்பகம் சின்னம்மா வேறு ரகம். தினமும் பாலில் ஒரு கை தண்ணீர் விட்டுத்தான் கொண்டுவருவாள். வருமானத்துக்காக அல்ல, வீம்புக்காக. என்றைக்காவது நாயகத்தை ஏமாற்றிவிட வேண்டும். அவரும் தினமும் பிடிப்பார். இவளும் தினமும், "எம் மாடு தண்ணி நெறைய குடிக்கும், அதுக்கு நான் என்ன செய்ய?" என்பாள். பிறகு இடுப்பில் மறைத்து வைத்திருக்கும் நல்ல பால் தூக்குவாளி வெளியே வரும். ஊருக்கு அது தினசரிக் கூத்து.

என்னைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பிளஸ் ஒன்னை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை வேண்டாம் என்று பள்ளிக்கூடமே கேட்டுக்கொண்டது. இப்போது எங்கள் வீட்டு இரண்டு மாடுகளோடு காலம் போகிறது. தண்ணித் தொட்டி மேல் கரடி ஏறியிருக்கிறது என்று சொல்லி ஒருமுறை அரை ஊரைத் திரட்டியவன் நான்தான். அதனால் எங்கள் ஊரில் பொய் என்றால் என் பெயரும், உண்மை என்றால் மாமா பெயரும் சொல்வார்கள். சாட்சிக்கு இரண்டு பேரையும் சேர்த்து யாரும் கூப்பிட்டதில்லை.

அவருக்கு ஒரே மகள், பேச்சிப்பிரியா. பிளஸ் டூவில் நல்ல மார்க். சாயங்காலம் ஆனால் அப்பாவோடு டிவிஎஸ் வண்டியில் ஏறி சொசைட்டிக்கு வந்துவிடுவாள். பால் வரத்து குறைந்ததும் பிளாஸ்க்கைத் திறப்பார்கள். டம்ளர் அவளுக்கு, பிளாஸ்க் மூடி அவருக்கு. டீயைக் குடித்துக்கொண்டே இரண்டு பேரும் ரோட்டைப் பார்ப்பார்கள். பெரிதாகப் பேசிக்கொள்ளமாட்டார்கள். நான் நடுவில் போய் ஏதாவது கதை விடுவேன். அவள் நம்பாமல் சிரிப்பாள். எனக்கு அந்த நாளுக்கு அது போதும்.

கவுன்சிலிங்கில் அவளுக்குத் திருநெல்வேலியில் ஒரு காலேஜ் விழுந்தது. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் டீக்கு வந்துவிடலாம். ஆனால் அவள் முதலாவதாகக் குறித்திருந்தது கோயம்புத்தூரில் ஒரு காலேஜ், அவள் ஆசைப்பட்ட கம்ப்யூட்டர் பாடம். இப்போது இரண்டு வழி. கிடைத்ததே போதும், சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்லலாம். அல்லது, இதைப் பிடித்து வைத்துக்கொள்கிறேன், மேலே இடம் காலியானால் போகிறேன் என்று சொல்லலாம். மேலே கிடைத்துவிட்டால் திருநெல்வேலி சீட்டு தானாகக் கைவிட்டுப் போய்விடும். இரண்டு நாள் கழித்து சாயங்காலம் ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

"மேலதான் கேக்கணும். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் மாமாவின் மனைவி முப்பிடாதி அத்தை.

"பாக்காத ஊருக்குப் பிள்ளைய எப்படி அனுப்ப? நான் போய் ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்" என்றார் மாமா. "ஏல மாரி, நீயும் வா. எனக்கு அங்கன தெச தெரியாது."

 அன்று ராத்திரியே நாங்கள் பஸ் ஏறும்போது பேச்சி, "நல்லாப் பாத்துட்டு வாங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

நல்லாத்தான் பார்த்தோம். பார்த்ததுதான் வினை.

காலேஜ் வாசலில் இருந்த வாட்ச்மேன் மாமாவின் வேட்டியையும் மஞ்சள் பையையும் பார்த்துவிட்டு, மகள் விஷயம் என்றதும் தானே கூட்டிக்கொண்டு போனார். உள்ளே வேப்பமரமும் புங்கமரமுமாக ஒரே நிழல். பெண்கள் விடுதியில் ஆயாம்மா உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். மாமா டம்ளரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். பழக்கதோஷம். பிறகு ஒரு வாய் குடித்து நாக்கில் வைத்திருந்து விழுங்கினார். மறுபடியும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார்.

அவர் என்னை "ஏல" என்று கூப்பிட்டது காதில் விழுந்து ஒரு பெண் ஓடி வந்தாள். "எந்த ஊரு மாமா? நான் கடையநல்லூரு." அவளே கம்ப்யூட்டர் லேப், சாப்பாட்டுக்கூடம் எல்லாம் காட்டினாள். எல்லாம் நன்றாக இருந்தது. குறை கண்டுபிடிக்கிற கண்ணை வைத்துக்கொண்டு மாமா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் சிக்கவில்லை.

"வீட்டு நெனப்பு வராதாம்மா?" என்று கடைசியாகக் கேட்டார்.

"மொத மாசம் ஒரே அழுவாச்சி மாமா. இப்பல்லாம் தீவாளிக்குப் போறதோட சரி. அங்கன போனாத்தான் தூக்கம் வரமாட்டேங்கு" என்று சொல்லிச் சிரித்தாள்.

மாமா சிரிக்கவில்லை. 

திரும்பி வரும்போது திண்டுக்கல்லில் டீக்கு பஸ்ஸை நிறுத்தினார்கள். மாமா டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"ஏல, தண்ணி சரியில்லன்னு சொல்லுவமா?"

"எந்தத் தண்ணி?"

"அங்கன. விடுதில."

எனக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் கோபம்தான் வந்தது. "மாமா, தண்ணி பன்னீரு கெணக்கா இருந்துச்சு. ரெண்டு டம்ளர் குடிச்சீங்க."

"நீ தெனம் பத்துப் பொய் சொல்லுதியேல. மாமனுக்காக ஒண்ணு சொல்லமாட்டியா?"

"நான் சொல்லுறத ஒருத்தனும் நம்பமாட்டான், அதனால பாவம் கெடையாது. நீங்க சொன்னா நம்பிருவாங்க."

 அவர் டீயை அப்படியே கீழே ஊற்றிவிட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை ஆரம்பித்துவிட்டாள். "எப்படி இருக்கு?"

"இருக்கு" என்றார்.

"இருக்குன்னா?"

"தண்ணி சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"மஞ்சளா வருது."

இவ்வளவு மோசமான பொய்யை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. தலையைக் குனிந்துகொண்டு, வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு, திருடிவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி சொன்னார். அத்தை இடுப்பில் கை வைத்துவிட்டாள். "மஞ்சளா வந்தா என்ன, வடிகட்டிக் குடிச்சுக்கிடுவா. இதுக்கா ரெண்டு பேரும் அம்புட்டுத் தூரம் போனீங்க?"

இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் மனிதர் உடைந்திருப்பார். அப்போதுதான் என் வாய் திறந்தது. "தண்ணி மட்டும் இல்ல அத்த. விடுதிக்குப் பின்னாடி பெரிய பொதரு. நாங்க நிக்கும்போதே ஒரு சாரப்பாம்பு குறுக்க போச்சு. அங்க உள்ள பிள்ளைங்க சாதாரணமா தாண்டிப் போவுது. எனக்கே குலை நடுங்கிட்டு."

பாம்பின் நீளத்தைக் கை விரித்துக் காட்டினேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில் நன்றியும் இருந்தது, வெறுப்பும் இருந்தது.

அத்தை என்னை நம்பவில்லை. மகள் நம்பினாள், என்னையல்ல. அவள் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்குத் தெரியாத தண்ணியா" என்றாள். "சரிப்பா. திருநெல்வேலியே போதும்னு குடுத்துருவோம்."

முகம் சுளிக்கவில்லை, அழவில்லை. எழுந்து போய் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். சண்டை போட்டிருந்தால் மாமா ஜெயித்திருப்பார். அவள் சோறு போட்டதும் இலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். "நாளைக்கு நல்ல நேரம் பாத்துக் குடுக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை ராகு காலம் என்றார். மதியம் எமகண்டம் என்றார். ராகு காலம் பார்த்து அவர் ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை. கடைசியில் பேச்சியே, "நான் நெட் சென்டருக்குப் போறேன்ப்பா. உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், நான் கூப்பிட்டதும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மாமா சொசைட்டிக்கு வந்தார். நானும் எங்கள் கேனோடு வரிசையில் நின்றேன். செண்பகம் சின்னம்மா வழக்கம்போல முந்தானையைச் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாராக வந்தாள். பாலைப் பார்த்தாலே எனக்கே தெரிந்தது, இன்றைக்கு இரண்டு கை.

மாமா லாக்டோமீட்டரை விட்டார். அது போய் நிற்கிற இடத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சரி, ஊத்து" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல்.

வரிசையே அசையவில்லை. சின்னம்மா கேனைக் கீழே வைத்தாள். "என்னண்ணே, கண்ணு கிண்ணு சரியில்லையா?"

"ஊத்துங்கேன்ல."

"நான் தண்ணி விட்டுருக்கேன்" என்றாள் அவள் மெதுவாக, காய்ச்சல்காரனிடம் பேசுகிற மாதிரி. "இந்தா நல்ல பாலு. இத ஊத்திக்கிடுங்க."

"தண்ணி விட்டேன்னு உன்னச் சொல்ல நான் யாரு" என்றார் மாமா.

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நான் கேனைத் தரையில் வைத்துவிட்டு என் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாரைப்பாம்பு இருந்தால் அங்கேயே என்னைக் கடித்திருக்கலாம்.

அப்போது அவர் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. நம்பர் வந்துவிட்டது. அடுத்த நொடியே பேச்சி கூப்பிட்டாள். மாமாவுக்குப் போனைக் காதில் வைத்துப் பேசத் தெரியாது. ஸ்பீக்கரில் போட்டு, முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சத்தமாகத்தான் பேசுவார். அதனால் ஊரே கேட்டது.

"அப்பா, நம்பர் வந்துச்சா? சொல்லுங்க."

மாமா போனைப் பார்த்தார். 

"அப்பா? நேரம் ஆவுதுப்பா. அஞ்சு மணிக்கு அடைச்சிருவான்."

"பேச்சி."

"ம்."

"தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு."

 நெட் சென்டரில் யாரோ பிரிண்ட் எடுக்கிற சத்தம் மட்டும் வந்தது.

"பன்னீரு கெணக்கா இருந்துச்சு. ரெண்டு டம்ளர் குடிச்சேன்" என்றார்.

"அப்ப அந்தப் பாம்பு?"

"அது இவன் விட்டது."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். செண்பகம் சின்னம்மா திரும்பி ஒரு முறை முறைத்ததும் அடங்கிவிட்டது.  பேச்சி போனை வைத்துவிட்டாளா என்று மாமா திரையைப் பார்த்தார். வைக்கவில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டது.

"அந்த நம்பர் இனிமே வேண்டாம்ப்பா" என்றாள் கடைசியில். "அப்படியே இருங்க."

கொஞ்ச நேரத்தில் போன் மறுபடியும் சிணுங்கியது. புது நம்பர். மேலே கிடைத்தால் போகிறேன் என்று மாற்றிக் கொடுத்திருக்கிறாள். மாமா கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஒவ்வொரு எண்ணாக, பால் அளவு சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கடைசி எண்ணுக்கு வந்ததும் போனை என் பக்கம் திருப்பிவிட்டார். நான் எட்டிப் பார்த்துச் சொன்னேன். அது உண்மையான எண்தான்.

அதற்குப் பிறகு சின்னம்மாவின் பாலைத் திருப்பிக் கொடுத்தார். அவள் சண்டை போடாமல் வாங்கிக்கொண்டு போனாள்.

கோயம்புத்தூர் கிடைத்துவிட்டது. அத்தைக்கு எல்லாம் தெரிந்து அவள் திட்டிய திட்டு தெருவைத் தாண்டிக் கேட்டது. மாமாவுக்கு அது ஆறுதலாக இருந்தது என்று நினைக்கிறேன். மகள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. தினமும் அவள் முன்னால் போய் நிற்பார், ஏதாவது கேட்பாள் என்று. அவள், "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள்.

கிளம்புகிற அன்று பையெல்லாம் கட்டி வைத்துவிட்டு, அவளே ஒரு பெரிய பாட்டிலில் வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்தாள்.

"அங்கதான் தண்ணி இருக்கேம்மா" என்றார் மாமா.

"மஞ்சளா வருமாம்ல" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மாமாவும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கி, வெளியே துடைத்து, மூடியை இன்னும் ஒரு திருகு இறுக்கிப் பைக்குள் வைத்தார்.

என்னிடம் அவள் பாம்பைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. அப்பா ஏன் பொய் சொன்னார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அந்தப் பாம்பை நான் ஏன் அவ்வளவு நீளமாகக் காட்டினேன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருக்கமாட்டேன்.

இப்போதும் சாயங்காலம் சொசைட்டியில் பால் வரத்து குறைந்ததும் பிளாஸ்க்கைத் திறக்கிறார். மூடியில் தனக்கு ஊற்றிக்கொண்டு டம்ளரை என் பக்கம் நகர்த்துகிறார். நான் கதை எதுவும் விடுவதில்லை. இரண்டு பேரும் ரோட்டைப் பார்க்கிறோம்.

"தீவாளிக்கு வருவால்ல?" என்று நேற்று கேட்டார்.

"வருவா மாமா" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார், லாக்டோமீட்டரைப் பார்க்கிற மாதிரி.