இடதுகை முடிச்சு

எனக்கு அக்கா ஒருத்திதான். அத்தான் இரண்டு பேர். இதைச் சொன்னால் கேட்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும். பெரியத்தான் வெள்ளத்தில் போனார். பிறகு அவருடைய தம்பிக்கு அக்காவைக் கட்டிவைத்தார்கள். அவர் சின்னத்தான். நான் சொல்ல வந்தது சின்னத்தானைப் பற்றித்தான். ஆனால் மூத்தவரை விட்டுவிட்டு இளையவரைச் சொல்ல முடியாது.

சின்னத்தான் கார் எலக்ட்ரீஷியன். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் தகர ஷெட்டில் ஒரு பாதி அவருக்கு, மறு பாதி எனக்கு. நான் கார் சீட் தைக்கிறவன். என் பக்கம் பஞ்சும் ரெக்சின் துண்டும் காலை இடறும். அவர் பக்கம் ஸ்க்ரூடிரைவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உயர வரிசையில் நிற்கும். வீட்டுக் கொடியில் துணி காயப்போட்டாலும் சட்டைக்குப் பக்கத்தில் சட்டைதான், துண்டுக்குப் பக்கத்தில் துண்டுதான். இப்படி ஒரு மனிதரோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்வது எத்தனை எரிச்சல் என்பது எனக்குத்தான் தெரியும்.

அவருக்குத் தொழிலில் பின்னல்காரர் என்று பெயர். மற்றவர்கள் ஒயர்களை அள்ளி ஒன்றாகச் சேர்த்து, பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கி, மிச்சத்தை வெட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் ஒவ்வொரு ஒயரையும் நீவி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் படுக்க வைத்து, ஒரு விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சாக மெழுகு நூலில் கட்டிக்கொண்டே போவார். நூலுக்கு மெழுகு தேய்ப்பது அக்காவின் வேலை. டிவி பார்த்துக்கொண்டே தேய்த்துத் தள்ளிவிடுவாள். வேலை முடிந்த பிறகு பானட்டைத் திறந்தால் பள்ளிக்கூடம் கிளம்பிய சிறுமியின் சடை மாதிரி இருக்கும். அக்கா மகளுக்கும் தினமும் அவர்தான் தலை பின்னுவார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி வகிடு எடுப்பார். பாப்பா வலி தாங்காமல் போடும் கூச்சல் தெருக்கோடி வரை கேட்கும்.

இந்த முடிச்சை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் பெரியத்தான். அவர் இடதுகைக்காரர். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து பழகியதால், அண்ணன் முடிச்சைக் கண்ணாடியில் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி விழும் தம்பி முடிச்சு. அண்ணன் முடிச்சின் வால் இடது பக்கம் மடிந்து உள்ளே போகும், தம்பி முடிச்சின் வால் வலது பக்கம். எங்களுக்குத் தெரிந்து இந்த முடிச்சைப் போடுகிறவர்கள் அவர்கள் இருவர் மட்டும்தான்.

பெரியத்தான் சாமான் எடுத்துவர ஒரு லாரியில் போனார். பாலத்தோடு லாரியை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. லாரி கிடைத்தது, டிரைவர் உடல் கிடைத்தது, பெரியத்தானின் ஒற்றைச் செருப்பு கிடைத்தது. சின்னத்தான் ஆற்றோரமாக நடந்து நடந்து எல்லா ஆஸ்பத்திரியிலும் சவக்கிடங்கிலும் தேடிவிட்டு, பாதி ஆளாகத் திரும்பி வந்தார். பாப்பா அப்போது கைக்குழந்தை. இரண்டு வருஷம் பார்த்துவிட்டு இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். அக்காவிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன். கேட்ட மாதிரி ஞாபகம் இல்லை.

ஷெட்டில் பெரியத்தான் உட்கார்ந்த ஸ்டூல் இன்னும் இருக்கிறது. சின்னத்தான் அதைத் துடைத்து வைப்பாரே ஒழிய, உட்கார மாட்டார். வீட்டு ஹாலில் பெரியத்தானின் போட்டோ. பாப்பா பேச ஆரம்பித்த வயதில் அதைக் காட்டி யார் என்று கேட்டபோது, சின்னத்தான் என்ன சொல்வதென்று தெரியாமல் திணறி, "பெரியப்பா" என்று சொல்லிவிட்டார். அதுவே நிலைத்துப்போனது. பிறகு ஒரு மகன் பிறந்தான். இன்றைக்குப் பாப்பா கல்லூரி போகிறாள். சடை மட்டும் இன்னும் அவர் கையால்தான்.

இந்த நிலைமையில்தான் பல் டாக்டரின் பழைய கார் வந்து சேர்ந்தது. முட்டை மாதிரி உருண்டை முகமும், பெரிய ஹெட்லைட்டும், துணி சுற்றிய ஒயரும் கொண்ட அந்தக் காலத்து வண்டி. டாக்டர் ஊருக்குப் புதிது. இன்ஜின் பக்கம் ஒயரையெல்லாம் ஒழுங்குபடுத்தித் தரவேண்டும் என்றார். பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்துப் பார்த்தோம். எத்தனை பேர் கை வைத்திருந்தார்களோ. பச்சையோடு சிவப்பைச் சேர்த்து, அதைக் கருப்பு டேப்பால் சுற்றி, அது பற்றாமல் ஓரிடத்தில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி. காக்கை இதைவிட ஒழுங்காகக் கூடு கட்டும். சின்னத்தானுக்கோ கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி முகம் மலர்ந்துவிட்டது.

இன்ஜினுக்குப் பின்பக்கத் தகட்டில் ஆரம்பித்து, உதவாத ஒயரையெல்லாம் பிடுங்கிப் போட்டுக்கொண்டே ஹெட்லைட்டை நோக்கி வந்தார். அடுத்த நாள் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒயர் வெட்டும் கொறடு கீழே விழுந்த சத்தம் கேட்டது. அவர் கையிலிருந்து எதுவும் விழுந்து நான் பார்த்ததில்லை. எட்டிப் பார்த்தேன். பானட்டுக்குள் கையை விட்டபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார். கார் பேட்டரியில் ஷாக் அடிக்காது என்பது எனக்கே தெரியும். ஆனாலும் அடி வாங்கிய ஆள் மாதிரிதான் நின்றார்.

இடது ஹெட்லைட்டுக்குப் பின்னால், மேலே தொங்கிய குப்பையை விலக்கிய இடத்தில், ஹாரன் ஒயரை ஒட்டி வரிசையாக முடிச்சுகள். மெழுகு நூல். ஒரு விரல் இடைவெளி. வால் இடது பக்கம் மடிந்து உள்ளே போயிருந்தது.

பெரியத்தான் அந்தக் காலத்தில் என்றைக்கோ கட்டியதாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். சின்னத்தான் அந்த முடிச்சுகள் பிடித்திருந்த சின்ன ஹாரன் ரிலே பெட்டியைத் திருப்பிக் காட்டினார். போன வருஷம்தான் கடைக்கு வந்த மாடல். பிறகு நகத்தால் முடிச்சை ஒருமுறை கீறி என் பக்கம் நீட்டினார்.

"மெழுகு இன்னும் ஒட்டுதுடா."

டாக்டருக்கு நான்தான் போன் போட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. காரை வாங்கி ஓட்டி வந்த வழியில், ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர் ஒன்றில் ஹாரன் நின்றுபோனதாம். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன ஷெட்டில் சரிசெய்தாராம். ஆள் நரைத்தவர், கால் சரியில்லை, வாய் பேசுவது கொஞ்சம்தான், எல்லாம் இடது கையால் செய்தார் என்றார். வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்று மட்டும் கேட்டாராம். ஊர்ப் பெயரைச் சொன்னதும், போட்டிருந்த பிளாஸ்டிக் டையை அறுத்துவிட்டு நூலால் கட்டினாராம்.

செத்தவர் உயிரோடு இருக்கிறார் என்றால் சந்தோஷப்பட வேண்டும். எங்களால் முடியவில்லை. அழுது, தேடி, காரியம் எல்லாம் முடித்து, ஒரு குடும்பத்தையே மாற்றி அடுக்கிவிட்டோம். இப்போது யார் யாருக்கு என்ன முறை? இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருக்கும்போதே அவள் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து நின்றாள்.

எங்கள் முகத்தைப் பார்த்தாள். திறந்த பானட்டைப் பார்த்தாள். கிட்டே போய்க் குனிந்து, அந்த முடிச்சுகளின் மேல் கட்டைவிரலால் ஒருதரம் தடவினாள். எத்தனை ஆயிரம் முடிச்சுக்கு நூல் தேய்த்துக் கொடுத்த கை. அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டாக்டர் சொன்னதையும், நாளைக்கே அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பதையும் நான் சொல்லி முடித்தபோது, யாரும் உட்காராத அந்த ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு நானும் வரேன்" என்றாள். அவ்வளவுதான். கேரியரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சின்னத்தான் சாப்பிடவில்லை. வேலையை முடித்தார். அண்ணன் முடிச்சுகளில் ஒன்றைக்கூடத் தொடாமல், அவை நின்ற இடத்திலிருந்து தன் முடிச்சைத் தொடங்கி, பின்தகடு வரை கட்டிக்கொண்டு போனார். கடைசி நூலை வெட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "உங்கக்கா அங்கேயே இருந்துக்கறேன்னு சொன்னா நான் தடுக்க மாட்டேன். என்கிட்ட இருக்கறது எல்லாம் அண்ணனோடது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த ரெக்சினை வீசி எறிந்தேன். "அவ என்ன ஸ்பானரா? வேல முடிஞ்சதும் திருப்பிக் குடுக்க?"

அவர் கொறடைத் துடைத்து அதனிடத்தில் மாட்டினார். மாட்டும்போது இரண்டு முறை தவறியது. அவர் சொன்னதை அன்று ராத்திரியே அக்காவிடம் போட்டு உடைத்துவிட்டேன்.

தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அதே காரில் காலையில் கிளம்பினோம். அக்கா பின்சீட்டில் இருந்தாள். சின்னத்தான் ஓட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. அக்கா திரும்பி வருவாளா, இந்த மனிதர் வெறும் காரோடு வீட்டுக்குப் போவாரா என்பதைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் ஓடவில்லை.

அந்த ஷெட் எங்களுடையதில் பாதிகூட இல்லை. வண்டியை நிறுத்தியதும் உள்ளேயிருந்து ஒருவர் காலை இழுத்துக்கொண்டு வந்தார். கார் மெக்கானிக்குகள் எல்லாருக்கும் உள்ள வழக்கப்படி அவர் ஆளைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார். டாக்டர் வந்திருப்பதாக நினைத்திருப்பார். நேராகப் போய் பானட்டைத் தூக்கினார். தூக்கியவர் தூக்கியபடியே நின்றார். தன் இடதுகை முடிச்சு முடிந்த இடத்திலிருந்து வலதுகை முடிச்சு போவதைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே" என்றார் சின்னத்தான்.

பெரியத்தான் திரும்பினார். முகம் பாதிக்கு மேல் மாறிப்போயிருந்தது. ஆனால் அவர்தான். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் தொடவில்லை. அக்கா இறங்கி வந்து, இருவருக்கும் நடுவில் நின்று, நிதானமாகக் கேட்டாள்.

"ஏன் வரல?"

அவருக்கு வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது. தலையில் அடிபட்டு, கால் நசுங்கி, ஓர் ஆசிரமத்தில் வருஷக்கணக்கில் கிடந்திருக்கிறார். தான் யார் என்பது தெரியும்; அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை, எழுதவும் கை ஓடவில்லை. பேச்சு திரும்பியதும் வந்திருக்கிறார்.

"வந்தேன்" என்றார். "தெருமுனை வரைக்கும். வாசல்ல இவன் பாப்பாவுக்குத் தலை பின்னிக்கிட்டிருந்தான். அவ இவனை அப்பான்னு கூப்பிட்டா. திரும்பிட்டேன்."

சின்னத்தான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம், நாங்கள் போட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த காலம் முழுக்க, இவர் இங்கே ஹாரன் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்படியே இருந்திருக்க வேண்டியதுதான்" என்றாள் அக்கா. "எதுக்கு நூல்ல கட்டினீங்க?"

"டை போட்டுட்டேன். கை கேக்கல."

பிறகு அவர் பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்தார். இடது கையால் விரித்து, பானட்டுக்குள் குனிந்து, தன் முதல் முடிச்சின் கீழே நுனியை நுழைத்தார். தம்பியைப் பார்த்து, "இதையும் நீயே கட்டிடு. ஒண்ணு போல இருக்கட்டும்" என்றார்.

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் போடவில்லை. ஆனால் பிடியை விடவில்லை.

"இவருக்குக் கட்டி வச்சப்ப என்னை யாரும் கேக்கல. நீங்க தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பினப்பவும் என்னைக் கேக்கல. நேத்து இவர் என்னை உங்ககிட்டத் திருப்பிக் குடுக்கலாம்னு நெனச்சாரு, அப்பவும் கேக்கல. உங்க ரெண்டு பேர் நூலுக்கும் மெழுகு தேச்சவ நான். இதையாவது என்னைக் கேட்டுட்டு அறுங்க."

பஸ் நிலையத்திலிருந்து கண்டக்டர்கள் ஊர்ப் பெயர் சொல்லிக் கூவுவது கேட்டுக்கொண்டிருந்தது. பெரியத்தான் பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கும் பையன் மாதிரி, "அறுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம்."

அவர் கத்தியை வெளியே எடுத்தார். மடக்கும்போது விரலில் பட்டு ரத்தம் வந்தது, அவர் கவனிக்கவில்லை. அக்கா தன் முந்தானையால் அதை ஒருமுறை ஒற்றிவிட்டுக் கையை விட்டாள். பிறகு பானட்டை அவளே இறக்கி மூடினாள்.

என்னைப் பின்சீட்டுக்குப் போகச் சொன்னாள். முன்சீட்டில் சின்னத்தான் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள். கண்ணாடியை இறக்கினாள்.

"ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்றாள் பெரியத்தானிடம். "பாப்பாவுக்கு அவ பெரியப்பாவைக் காட்டணும்."

அவர் முகத்தில் அப்போது விழுந்த அடியை நான் பார்த்தேன். வெள்ளம்கூட அவரை அப்படி அடித்திருக்காது. கடைசியில் தலையை மட்டும் ஆட்டினார்.

சின்னத்தான் சாவியைத் திருப்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே திருப்பினார். வண்டி முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது.